இருபத்தஞ்சுக்கு மேல் போகாத வண்டி

சோலைச்சாமியின் வலது கால் விருதுநகர் ரோட்டில், உளுந்து மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்கு அடியில் போனது. எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. ஆனால் முட்டி மடங்காமல் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்தவராயிற்றே என்று லாரி முதலாளி மனமிரங்கி ஒரு தொகை கொடுத்தார். அதில் பசு வாங்கலாம் என்றாள் மனைவி அழகுத்தாய். பேங்கில் போடலாம் என்றாள் விருதுநகரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் யுவராணி. சோலைச்சாமி ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். "காலு போன காசுல காலுதான் வாங்கணும்" என்று அவர் சொன்ன பேச்சு மேலச்சிறுகுளம் முழுக்கப் பரவி, வண்டிக்கு 'சோலைச்சாமி காலு' என்றே பேர் விழுந்துவிட்டது.

அந்தக் 'காலை' ஓட்டியது என்னவோ அவர் அல்ல. மடங்காத முட்டியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எங்கே உட்காருவது? ஓட்டியது அழகுத்தாய். நாற்பத்தெட்டு வயதுவரை சைக்கிள் பெடலைக்கூட மிதித்தறியாதவள், இரண்டு வருஷமாகத் தண்ணீர் காணாத கண்மாய்க்குள் பத்து நாள் சுற்றிச் சுற்றிப் பழகினாள். சோலைச்சாமி மடைக்கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துவார்.

"கீழ பாக்காத, எதிர்க்க பாரு! ஏத்தா, அந்தக் கருவேலமரம் ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? அம்புட்டுப் பெரிய கம்மாய்ல அது ஒண்ணுதான் ஒங் கண்ணுக்குத் தெரியுதா?"

"நீங்க கத்துறதுலதான் கையி நடுங்குது. பேசாம இருங்க."

பதினோராம் நாள் அவரைப் பின்னால் வைத்து ஊருக்குள் ஓட்டி வந்தாள். மடங்காத காலோடு அவர் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும், சேலை கட்டிய பெண்கள் உட்காருவது போல. மீசையும் முண்டாசுமாக ஓர் ஆம்பிளை அப்படி உட்கார்ந்து போனால் ஊர் சும்மா விடுமா? டீக்கடை காளிராஜ் டீ ஆற்றும் குவளையைத் தூக்கிப் பிடித்தபடி சத்தம் கொடுத்தான்.

"ஏலே சோலை, பொண்ணு அழைப்பா?"

"ஆமாலே. மாப்ள வீட்டுல கறிச்சோறு. வாரியா?"

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். விபத்துக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் அவர் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்திருந்தார். பஸ்ஸின் முதல் படி அவருக்கு மலை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அதற்குள் கண்டக்டர் நான்கு தடவை விசிலடிப்பான். அந்த ஒரு வெட்கத்துக்காகவே டவுன் பக்கமே போகாமல் இருந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து முதல் தடவை கண்மாய்க் கரை ஏறி, ரோட்டில் காற்று முகத்தில் அடித்தபோது அவருக்கு அழுகை வந்தது. முன்னால் இருந்தவளுக்குத் தெரியாமல் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவர்களுக்கு வீட்டை ஒட்டிய கிணற்றடியில் நாற்பது சென்ட் நிலத்தில் மல்லிகை. நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு அழகுத்தாய் மொட்டு பறிக்க இறங்கிவிடுவாள். சோலைச்சாமி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் செடிக்குச் செடி நகர்த்தி, உட்கார்ந்தபடியே பறிப்பார். ஆறேகாலுக்கு மொட்டை ஈரத்துணியில் பொதிந்து பையில் கட்டி, அவர் மடியில் வைத்து, வண்டி கிளம்பிவிடும். ஏழு மணிக்குள் அருப்புக்கோட்டை பூ மார்க்கெட்டில் இறக்கினால் ஒரு விலை, எட்டரைக்கு ஒரு விலை, மொட்டு வாய் திறந்துவிட்டால் வாசனைக்குச் சென்ட் காய்ச்சும் கம்பெனிக்காரன் வைத்ததுதான் விலை. ஊருக்கு முதல் பஸ் எட்டு பத்துக்குத்தான். வண்டி வருவதற்கு முன்னால் அவர்கள் பூ பாதி நாள் சென்ட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

வண்டி விற்ற பையன் சொன்னதை அழகுத்தாய் பாடமாக வைத்திருந்தாள். இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டி. அதனால் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், பதிய வேண்டாம். "ஒரு வயரக்கூடத் தொட்றாதீங்கம்மா. தொட்டா சட்டம் வேற" என்றும் அவன் சொல்லியிருந்தான். அவள் இரண்டாங்கிளாஸோடு நின்றவள். வண்டிக்குக் கொடுத்த காகிதத்தை லேமினேஷன் செய்து, ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் வைத்து, கிளம்பும்போதெல்லாம் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். முதல் கோடை வெயிலிலேயே வண்டியின் வேகம் காட்டும் மீட்டர் அவிந்துபோனது. அதனால் என்ன, வண்டிதான் இருபத்தஞ்சுக்கு மேல் போகாதே என்று அதைச் சரிபண்ணவே இல்லை.

அவள் அப்படிப்பட்டவள். ஒருமுறை பூக்கடையில் ஒரு பை மாறிப்போனதில், இவள்தான் எடுத்தாள் என்று இன்னொரு பூக்காரி பழி போட்டாள். கடைக்காரர் சந்தேகமே படவில்லை. பழி சொன்னவள்தான், "சத்தியம் பண்ணு, விட்டுர்றேன்" என்று நின்றாள். அழகுத்தாய் பண்ணவில்லை. அன்றைய பூவை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். "சத்தியம் பண்ணி மீட்டுக்கிற அளவுக்கு அது ஒண்ணும் பெரிய சாமான் இல்ல" என்றாள் வழியில். சோலைச்சாமிக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

சனிக்கிழமை மட்டும் பூ இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அன்று அவருக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு பூண்டுப் பல்லும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து உச்சியில் ஊற்றி, உள்ளங்கையால் சப்பு சப்பென்று அடித்துத் தேய்ப்பாள். ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். கால் தேறிய பிறகும் அவள் விடவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கண்மாய்க் கரை மேடு ஒன்றைத் தவிர.

ஊரைவிட்டு ரோட்டுக்கு ஏற வேண்டுமானால் அந்தக் கரைமேட்டில்தான் ஏற வேண்டும். சரளை போட்ட செங்குத்தான பாதை. இரண்டு பேரும் பூப்பையும் ஏறினால் பாதி மேட்டில் வண்டி முக்கி நின்றுவிடும். அழகுத்தாய் இறங்குவாள். சோலைச்சாமியும் இறங்கப் பார்ப்பார். "நீங்க இருங்க, எறங்குனா திரும்ப ஏத்துறதுக்குள்ள நேரமாயிரும்" என்று சொல்லி, ஆக்சிலேட்டரை முறுக்கியபடி வண்டியையும் அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவாள். தன் பெண்டாட்டி தன்னைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறுவதை, ஒருக்களித்து உட்கார்ந்தபடி தினமும் பார்ப்பது லேசான காரியமில்லை. ஒரு நாள் சரளை வழுக்கி முட்டி போட்டு விழுந்தாள். சேலையில் ரத்தம் கசிந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பூவு சிந்திருச்சா பாருங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தாங்கவில்லை.

பாளையம்பட்டியில் ஒர்க்ஷாப் வைத்திருந்த மருதுபாண்டி ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருந்தான். "அக்கா, வேகத்தப் பிடிச்சு வைக்கிற கண்ட்ரோலரு டப்பாவ மாத்திட்டா வண்டி மேட்டுல சிட்டாப் பறக்கும். அரைமணி நேர வேல."

"சட்டத்துக்கு ஒத்துக்குமாய்யா?"

"சட்டம் எங்கக்கா பாக்கப் போகுது? டவுனுல பாதி வண்டி மாத்துன வண்டிதான்."

"அப்ப வேணாம்யா. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று அவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

யுவராணி மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்தும் வேலையாக அழகுத்தாய் மட்டும் பஸ்ஸில் இரண்டு நாள் விருதுநகர் போயிருந்தபோது, சோலைச்சாமி மருதுபாண்டிக்குப் போன் போட்டார். அவன் ஊருக்கே வந்து வேப்பமரத்தடியில் சீட்டைக் கழற்றிப்போட்டு வேலையை முடித்தான். பழைய டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, அக்காட்ட என்ன சொல்லுவீக?"

"சர்வீஸ் பண்ணுனேன்னு சொல்லிக்கிறேன். நீயும் அதையே சொல்லு."

மறுநாள் காலையில் வண்டி கரைமேட்டை ஒரே மூச்சில் ஏறியது. உச்சியில் அழகுத்தாய் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"என்னங்க, இம்புட்டுச் சுளுவா ஏறுது!"

"சர்வீஸ் பண்ணி எத்தன நாளாச்சு? மருது வந்து தொடச்சு, எண்ணெ போட்டுக் குடுத்தான்."

"முந்தியே செஞ்சிருக்கலாம்ல. கிறுக்கி மாதிரி தள்ளிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவர் சொல்லத்தான் நினைத்தார். இன்னும் நாலு நாள் இந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று விட்டார். நாலு நாள் நாலு மாதமானது. இதில் ஒரு விசேஷம், அழகுத்தாய் சமதளத்தில் எப்போதும் பாதி முறுக்குக்கு மேல் முறுக்கவே மாட்டாள். சைக்கிள்காரன் முந்திப்போனாலும் கவலைப்பட மாட்டாள். ஆக அவள் கையில் அந்த வண்டி இருபத்தஞ்சைத் தாண்டியதே கிடையாது.

சித்திரை பிறந்த சமயம் டீக்கடையில் பேச்சு அடிபட்டது. எலெக்ட்ரிக் வண்டிக்கெல்லாம் சட்டம் இறுகுகிறதாம், மாத்தின வண்டியைக் கண்டால் அங்கேயே பிடிக்கிறார்களாம், ஓட்டிப் பார்த்தே சோதிக்கிறார்களாம். காளிராஜ் போனில் வந்ததைச் சத்தமாகப் படித்தான்.

"நம்பர் பிளேட் இல்லாத வண்டிய எல்லாம் நிறுத்துறானாம்லே. ஒங் காலப் பத்திரமா வச்சுக்க."

பூ மார்க்கெட்டிலும் அதே பேச்சுதான். அழகுத்தாய் கொஞ்சமும் அசரவில்லை. "நம்ம வண்டிக்கு என்ன? பேப்பரு இருக்கு. தப்புப் பண்றவன்ல பயப்படணும்" என்றாள்.

அன்றே மார்க்கெட் முடிந்து திரும்பும்போது, பீடி வாங்க வேண்டும் என்று சொல்லிச் சோலைச்சாமி பாளையம்பட்டியில் இறங்கினார். அழகுத்தாய் எதிர்க்கடையில் புளி வாங்கிக்கொண்டிருக்க, இவர் காலை இழுத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

"மருது, பழசையே திரும்ப மாட்டிருப்பா."

"பழசு ஏதுண்ணே? மதுரக்காரன் வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டான்."

"வேற வாங்கிப் போடு."

"அந்த மாடலே இப்ப வாரதில்ல. கேட்டுப் பாக்குறேன், பத்து நாளு ஆகும். அக்கா மெதுவாத்தான ஓட்டுது? யாரும் நிறுத்த மாட்டாண்ணே, போங்க."

பத்து நாள் என்றான். ஆறாம் நாள் நிறுத்திவிட்டார்கள்.

பாளையம்பட்டி எல்லையில், புளியமர நிழலில் ஜீப் நின்றது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் இருந்தார்கள். ஓரமாக ஏழெட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. பின்சீட்டில் இட்லிப் பானை கட்டிய ஒருவர், நூல் கட்டோடு ஒரு தறிக்காரர், பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இட்லிக்காரர் மட்டும் பானை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மணி ஆறு ஐம்பது.

அழகுத்தாய் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். சோலைச்சாமி பூப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தே இருந்தார். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயசு, சாந்தமான முகம். காகிதத்தை இருபுறமும் பார்த்தார்.

"லேமினேஷன்லாம் போட்டு வச்சிருக்கீங்க. வண்டியில எதுவும் மாத்தலியேம்மா?"

"மாத்துறதா? ஒரு வயரத் தொட்டது கெடையாதுங்கய்யா."

அவர் ஏறிட்டு அவளைப் பார்த்தார். நீட்டிய காலோடு பின்னால் இருந்த மனிதரையும், ஈரம் சொட்டும் பையையும் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா, கெளம்புங்க. பூ வாடிறப் போகுது."

சோலைச்சாமிக்கு மூச்சு வந்தது. அவ்வளவோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற இளவட்டப் போலீஸ்காரர் சும்மா இருக்கவில்லை. "எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க, தொடலைன்னு. ஓட்டிப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரியுது" என்று இட்லிக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அழகுத்தாய் ஸ்டாண்டை எடுக்கப் போன காலை நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாரையும் மாதிரி என்னையச் சொல்லாதீகய்யா."

"ஒங்களச் சொல்லலம்மா, போங்க."

"இல்லய்யா. சொல்லிட்டீகள்ல. நா பொய் பேசி வண்டி ஓட்டணும்னு எனக்கு விதியா?"

"அழகு, வா போவோம். நேரமாச்சு" என்றார் சோலைச்சாமி.

"இருங்க. பத்துப் பேரு நிக்கிற எடத்துல சொன்னா நா எப்பிடிப் போறது?" என்றவள், திரும்பித் தன் வலது கையை அவர் தலையில் வைத்தாள். "இந்தா இருக்காக எம் புருஷன். இவுக தலையில கை வச்சுச் சொல்றேன். இந்த வண்டி இருபத்தஞ்சுக்கு மேல போகாது. நீங்களே ஓட்டிப் பாருங்கய்யா."

அவள் கை ஈரமாக இருந்தது. மல்லிகை வாசம் அடித்தது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்த அதே இடத்தில் அந்தக் கை அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. சோலைச்சாமி வாயைத் திறந்தார். 'அழகு, கைய எடு' என்று சொல்ல வந்தார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்குவதா என்று ஒரு நினைப்பு. ஓட்டிப் பார்க்காமலே விட்டுவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு வேறு வழியில்லை. சோலைச்சாமியைக் கைபிடித்து இறக்கி மைல்கல்லில் உட்காரவைத்தார்கள். இளவட்டப் போலீஸ்காரர் ஸ்கூட்டரை எடுத்து முழுசாக முறுக்கினார், இன்னொருவர் பைக்கில் ஒட்டியே போனார். ஒரு நாளும் அந்த வண்டி அப்படிப் போய் அழகுத்தாய் பார்த்ததில்லை. போய்த் திரும்பி வந்தார்கள்.

"நாப்பத்தி மூணு சார்."

"ஒங்க பைக்கு மீட்டரு தப்பா இருக்கும்யா" என்றாள் அழகுத்தாய். "இன்னொருக்கப் பாருங்க."

இன்னொருக்கப் பார்த்தார்கள். நாற்பத்திநாலு.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே பேசினார். இருபத்தைந்தைத் தாண்டினால் அது பதிய வேண்டிய வண்டி, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், இந்த மாடலை அப்படிப் பதியவும் முடியாது, பழையபடி மாற்றி, விற்ற கம்பெனியின் கடிதத்தோடு வந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். சட்டத்தில் உள்ளதைத்தான் சொன்னார், கடுமையாகவும் சொல்லவில்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "பெரியவங்க தலையில இப்படியெல்லாம் கை வைக்காதீங்கம்மா" என்றார்.

வண்டியை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். வழியில் போன ஒரு லோடு ஆட்டோவில் ஏறி மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. மொட்டெல்லாம் வாய் திறந்து, பை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

அன்று மத்தியானமே அழகுத்தாய் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் விற்ற கடைக்குத் தனியாகப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் சோலைச்சாமி.

"அவன் தொடலையாம். எங்கம்மா மேல சத்தியமா கம்பெனில வந்தபடிதான் குடுத்தேங்கிறான். பெத்த ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்றான் பாருங்க. வயித்தெரிச்சல் தாங்கல. ரோட்டு மண்ண அள்ளி அவன் கடை வாசல்ல தூத்திட்டு வந்தேன். வெளங்குவானா அவன்?"

"மண்ணத் தூத்துனியா?"

"பின்ன? என்னையப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சான்ல. அதும் ஒங்க தலையில."

அதைச் சொல்லும்போது அவள் உதடு கோணியது. வண்டி போனதற்கு அவள் அழவில்லை. அதற்குத்தான் அழுதாள். சோலைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். பாவம் அந்தக் கடைக்காரப் பையன். ஒரு கல்யாணம்கூட ஆகாதவன்.

மறுநாள் முதல் அவள் பூவை லோடு ஆட்டோவில் கொண்டுபோனாள். பக்கத்து ஊர்க் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்க இடம் கிடைக்கும், கால் நீட்டி உட்கார இடம் கிடைக்காது. சோலைச்சாமி கரைமேடு வரைக்கும் கூட நடந்து போய், ஆட்டோ மறைகிறவரைக்கும் நின்றுவிட்டு வருவார். மருதுபாண்டிக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. அவன் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

"வண்டி இருக்கா?" என்று தினமும் கேட்பார்.

"இருக்கு. ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ள வெயில்ல நிக்கிது. சீட்டு வெடிச்சிருச்சு."

அடுத்த வாரம் சோலைச்சாமிக்குக் காய்ச்சல் கண்டது. வெயிலில் கரைமேடு நடந்ததில் காலும் வீங்கியிருந்தது. வேறு நேரமாக இருந்தால் இரண்டு மாத்திரையோடு போகிற காய்ச்சல். அழகுத்தாய் ஆடிப்போனாள். ராத்திரியும் பகலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகளுக்குப் போன் போட்டு அழுதாள். போனில் யுவராணி கத்தியது சோலைச்சாமிக்கே கேட்டது.

"யம்மா, காச்சலுக்கும் சத்தியத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? ஊசி போட்டுட்டு வா."

"ஒனக்குத் தெரியாதுடி. நா கை வச்ச தலையி. எம்புட்டு அழுத்தி வச்சேன்னு எனக்குத்தான தெரியும்."

அந்தச் சத்தியத்துக்குப் பரிகாரமாக அவள் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். மூன்று வேளை, நான்கு நாள். கஞ்சியை வாயில் வைத்து விழுங்க முடியாமல் அவள் தவிப்பதை சோலைச்சாமி படுத்த இடத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட நினைத்தார். ஒவ்வொரு வேளையும், வண்டியோடு இதுவும் போய்விடுமோ என்று பயந்தார். எது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம். "கருப்பசாமிகிட்ட ஒரு நட போயிட்டு வந்துருவோம். முடியுமா ஒங்களுக்கு?" என்றாள். காய்ச்சல் விட்டிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்மாய்க் கரை முனையில் உடைமரத்தடியில் இருக்கும் கருப்பசாமி வரைக்கும் நடந்தார். அவரை மேற்கே பார்த்து நிற்கவைத்தாள். மடியிலிருந்து குடுமியோடு ஒரு தேங்காயை எடுத்து, மேலே சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள்.

"அய்யா, தெரியாமச் சொல்லிட்டேன். இவுக தலைக்குப் பதிலு இந்தக் காய எடுத்துக்க. எதுனாலும் என்னையக் கேளு, இவுகளக் கேக்காத."

தேங்காயை அவர் தலையைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றில் சூடம் சாய்ந்து விரலைச் சுட்டது, விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றினாள். மூன்றாவது சுற்று அவர் நெற்றிக்கு நேரே வந்தபோது சோலைச்சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்த்தா."

"விடுங்க, முடியப் போகுது."

"நாந்தான் மாத்துனேன். நீ யுவராணி வீட்டுக்குப் போயிருந்தப்ப. மருதுவ வரச்சொல்லி நாந்தான் மாத்துனேன். கடைக்காரப் பையன் ஒண்ணும் பண்ணல."

சூடம் கீழே விழுந்து மண்ணில் கொஞ்ச நேரம் எரிந்தது.

"நீ என்னைய வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதப் பாக்க முடியல அழகு. அன்னைக்கு முட்டி பேந்து விழுந்தேல்ல. அதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல. ஒங்கிட்டக் கேட்டா விட மாட்டேன்னு தெரியும்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். கத்துவாள், மண்ணை வாரித் தன்மேலும் தூற்றுவாள் என்று நினைத்தார். தூற்றினால் நல்லது என்றுகூட நினைத்தார். அவள் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாத்துனது சரி. எனக்காகத்தான் மாத்துனீக. அதுக்கு நா என்ன சொல்றது?" என்றாள். "எங் கையி ஒங்க தலையில இருந்துச்சுல்ல. அப்பச் சொல்லிருக்கலாம்ல."

"சொல்ல வந்தேன். பத்துப் பேரு நின்னாக."

"அந்தப் பத்துப் பேருக்காகவா?"

அவள் தேங்காயை உடைக்கவில்லை. மடியில் கட்டிக்கொண்டு கருப்பசாமியைப் பார்த்துக் கும்பிட்டாள், திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரம் போய், வீங்கிய காலோடு அவர் தனியாக நடக்க மாட்டாரே என்று நினைவு வந்து நின்றாள். தோளைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அந்தத் தேங்காயைச் சட்னிக்கு உடைத்தாள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அவருக்குக் கூடக் கொஞ்சம் வைத்தாள். கறிக்குழம்பு, ரசம், மாத்திரை, வெந்நீர் எதிலும் குறை வைக்கவில்லை. விருதுநகர் பேரன் போனில் பேசினால் சிரிக்கவும் செய்தாள். லோடு ஆட்டோக்காரன் சம்சாரம் ப்ரியாவோடு டவுனுக்குப் போய், ஸ்கூட்டர் கடை வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு, அந்தப் பையன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். யார் செய்த தப்பு என்று அவனிடம் சொன்னாளா என்று சோலைச்சாமி கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அவள் மார்க்கெட் போய் வருகிறவரை பொறுக்காமல், அவர் ஆறு மணிக்கே ஸ்டூலைக் கிணற்றடியில் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அழகுத்தாய் பூப்பையைக் கட்டி முடித்தாள். அடுப்படிக்குப் போனாள். நல்லெண்ணெயில் மிளகு வெடிக்கும் சத்தம் கேட்டது, பூண்டு வாசம் வந்தது. அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து வைத்துக்கொண்டார்.

அவள் வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை ஸ்டூலுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் வைத்தாள். சீயக்காயும் துண்டும் வைத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள தேச்சுக்கோங்க. ஆட்டோ வந்துரும், நா வாரேன்."

பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரைமேட்டைப் பார்த்து நடந்தாள். மேட்டில் அவள் ஏறுவது தெரிந்தது. சரளையில் கால் வழுக்காமல் ஓரமாகப் புல்லைப் பார்த்து மிதித்து ஏறினாள். உச்சியில் ஆட்டோ வந்து நின்று அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சோலைச்சாமி கிண்ணத்தில் விரலை விட்டார். எண்ணெய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, கையை உச்சிக்குக் கொண்டுபோனார். அன்று அவள் கை இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் விரல் இடுக்கு வழியாக ஒழுகி, முழங்கையில் இறங்கி, மடங்காத காலில் சொட்டிக்கொண்டிருந்தது.